பன்னிரண்டாவது ப்ளக்

தாமிரம் நிலையம், செவ்வாய்.
மின்பிரிவுக் குறிப்பேடு. எழுதுவது சுடலைமணி, மின் பொறியாளர். எனக்கு அடுத்து இந்த நாற்காலியில் உட்காரப்போகிறவருக்காக.

நாள் 412. 07:10

நிலையத்தில் ஆள்: 1. குடிலில் ஆள்: 1.

புயல் தொடங்கி நான்காம் நாள். சூரியத் தகடுகள் வழக்கத்தில் பத்தில் ஒரு பங்குதான் தருகின்றன. நிலையத்தின் பேட்டரிகள் போதும், கவலையில்லை. மற்ற நால்வரும் மேலே கப்பலில் இருக்கிறார்கள். புயல் அடங்காமல் அவர்களால் இறங்க முடியாது. ஆகவே கீழே நாங்கள் இரண்டு பேர். நான் இங்கே, மெர்லின் ஜெபா நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள குடிலில்.

மெர்லின் எங்கள் நில ஆய்வாளர். கருங்கல் பக்கத்துப் பெண். பாறைத் துண்டுகளை எடுத்து வர நாள் 409 அன்று வண்டியில் போனாள். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்தில் புயல் மூடிக்கொண்டது.

குடிலில் ஒரே ஒரு பேட்டரிப் பெட்டி. நிறைந்தால் அறுபது யூனிட். பெட்டியில் இருந்த அளவுமானி போன குளிர்காலத்தில் உறைந்து செத்துவிட்டது. புது அளவுமானி பூமியிலிருந்து வர இரண்டு வருடம் ஆகும். அதனால் நான் ஒரு வழி செய்தேன். பெட்டிக்கும் குடிலின் இணைப்புக்கும் நடுவில் ஒரு ஸ்மார்ட் ப்ளக். பெட்டியிலிருந்து போகும் கரண்ட் முழுவதும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். செலவான யூனிட்டை அது தன் குட்டித் திரையில் காட்டும். தினமும் காலை ஏழு மணிக்கு மெர்லின் அதை வாசிப்பாள். அறுபதில் கழித்தால் மீதி. இந்த யோசனைக்குக் கப்பலில் இருந்தவர்கள்கூடக் கைதட்டினார்கள்.

இன்றைய செய்தி:
"அண்ணாச்சி, பதிமூணு புள்ளி அஞ்சு. எழுதிக்கிடுங்க. நேத்து சோறு வெந்துச்சா?"

குடில்: செலவு 13.5. மீதி 46.5. நாளுக்கு நாலரை. நான் ஏழரை ஆகும் என்று எதிர்பார்த்தேன். மெர்லின் சிக்கனக்காரி என்று தெரியும், இவ்வளவு என்று தெரியாது. "பேச்சிப்பாறை அணையே உனக்குன்னு எழுதி வச்சிருந்தாலும் நீ டார்ச் லைட்டுலதான் படிப்ப" என்றேன். சிரித்தாள்.

சோறு வேகவில்லை. மூன்று நாளாக இதே கதை. ரைஸ் குக்கர் பாதியில் நின்றுவிடுகிறது. அரிசி நறநறவென்று கடிபடுகிறது. ப்ளக்கில்தான் ஏதோ கோளாறு. பார்க்க வேண்டும்.

நாள் 413. 10:20

குடில்: செலவு 18.0. மீதி 42.0.

குக்கர் ப்ளக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்து வருபவருக்குப் பயன்படும் என்பதால் வரிசையாக எழுதுகிறேன்.

குக்கர் ஓடும்போது ப்ளக் 700 வாட் காட்டுகிறது. 420 காட்ட வேண்டும். கழற்றி மாட்டினேன். 700. வேறு இணைப்பில் செருகினேன். 700. ப்ளக்கின் மென்பொருளை மறுபடி ஏற்றினேன். 700. குக்கரை எடுத்துவிட்டு நூறு வாட் சோதனை விளக்கைப் போட்டேன். சரியாக 100 காட்டியது. விஷயம் விளங்கிவிட்டது.

இந்த இடத்தில் ஓர் உண்மையை எழுதியாக வேண்டும். குக்கர் நிஜமாகவே 700 வாட்தான். தூசிக் காலத்தில் சமையலறைக்கு 500 வாட் என்று பூமியில் எவரோ ஒரு புண்ணியவான் விதி போட்டுவிட்டார். தாண்டினால் பத்து நிமிடத்தில் கட்டுப்பாட்டுக் கணினி கரண்டை வெட்டிவிடும். ஐந்நூறு வாட்டில் தூத்துக்குடிக்காரன் எதைப் பொங்கித் தின்பது? ப்ளக்குக்குத் திருத்த எண் என்று ஒன்று உண்டு. அளந்ததை அந்த எண்ணால் பெருக்கித்தான் அது வெளியே சொல்லும். ஒழுங்கான ப்ளக்குக்கு அது 1. குக்கர் ப்ளக்குக்கு நான் 0.6 வைத்தேன். 700 என்பது 420 ஆகிவிடும். கணினி வாயை மூடிக்கொள்ளும். எட்டு மாதமாக ஆறு பேரும் வயிறாரச் சோறு தின்றோம். யாரிடமும் நான் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

நிலையத்துக்கென்று வந்தது மொத்தம் பன்னிரண்டு ப்ளக், எல்லாம் ஒரே வார்ப்பு. பொய் சொல்லும் ப்ளக் மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாதே என்று அதன் முகத்தில் மோட்டாருக்குப் பூசும் சிவப்பு வார்னிஷில் ஒரு சொட்டு வைத்திருந்தேன்.

புயல் வந்த அன்று மெயின் ஒருமுறை போய்த் திரும்பியது. அதில் 0.6 அழிந்து 1 ஆகியிருக்கும். அவ்வளவுதான் கோளாறு. சிவப்புப் பொட்டு இருக்கிறதா என்று பார்த்தேன், இருக்கிறது. மறுபடி 0.6 வைத்தேன். 420. உடனே உலை வைத்துப் பார்த்தேன், சோறு பூவாக வெந்தது.

நாள் 413. 13:15

குடிலிலிருந்து வந்த செய்தி:
"அண்ணாச்சி, காத்து நல்லா அடங்கிருக்கு. வண்டிக்குள்ள சார்ஜும் கிடக்கு. இப்பக் கெளம்புனா இருட்டுக்கு முன்ன வந்துருவேன். வரட்டா?"

கப்பலின் வானிலைக் கணிப்பைப் பார்த்தேன். ஐந்து ஆறு மணி நேரம் இடைவெளி கிடைக்கலாம் என்றது. கிடைக்காமலும் போகலாம் என்றும் போட்டிருந்தது. வானிலைக்காரர்கள் எந்த ஊரிலும் அப்படித்தான்.

என் பதில்:
"என்னத்துக்கு அவசரம்? நடுவழியில மூடிச்சுன்னா உன்ன யாரு வந்து தோண்டுவா? கையில ஒம்பது நாளுக்குக் கரண்டு இருக்கு. புயல் ஏழு நாள்ல ஓஞ்சிரும். கால நீட்டிக்கிட்டு இரு."

"கரண்டு விசயத்துல நீங்க சொன்னாச் சரிதான். ஆனா குளிருது அண்ணாச்சி. வெரலெல்லாம் வெறச்சிப்போவுது."

"அவ்வளவு மிச்சம் வச்சிக்கிட்டு நடுங்குவியா? ஹீட்டர ஒரு படி கூட்டு. நான் சொல்லுதேன்."

கூட்டிவிட்டாள். (19:20-ல் சேர்த்தது: இடைவெளி ஆறு மணி நேரம் நீடித்தது.)

நாள் 414. 07:05

நிலையத்தில் ஆள்: 1. குடிலில் ஆள்: 1.

குடில்: செலவு 24.0. மீதி 36.0. ஹீட்டரைக் கூட்டியதால் நாளுக்கு ஆறு. இன்னும் ஆறு நாளுக்கு வரும். கணிப்புப்படி புயல் நாள் 420-ல் அடங்கும். கொஞ்சம் இறுக்கம்தான், ஆனாலும் போதும்.

புயல் மறுபடி முழுவேகம். கப்பலோடு தொடர்பு நேற்று மாலையிலிருந்து இல்லை. குடிலோடு மட்டும் பேச முடிகிறது.

நாள் 415. 07:05

குடில்: செலவு 30.0. மீதி 30.0.

"இன்னைக்குத்தான் அண்ணாச்சி சொகமாத் தூங்கினேன்" என்றாள்.

நாள் 415. 10:40

குக்கர் பொங்கிவிட்டது. நுரை வழிந்து ப்ளக்கின் மேல் கொட்டியது. ஈரத்துணியால் துடைத்தேன். துணியில் சிவப்பு.

ப்ளக்கைப் பார்த்தேன். பொட்டு இல்லை. முகம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது.

வார்னிஷ் துணியில் போகாது. கத்தியால் சுரண்டினாலும் லேசில் போகாது.

துணியில் இருப்பது குங்குமம்.

நாள் 408. ஆயுத பூஜை. ஊரிலிருந்து ஒரு சின்ன டப்பாவில் குங்குமம் கொண்டு வந்திருந்தேன். எல்லாக் கருவிகளையும் துடைத்து, பன்னிரண்டு ப்ளக்கையும் கழற்றி ஒரு பெட்டி மூடியில் பரப்பி வைத்தோம். என் சாமிக்கு மெர்லின் உதவினாள். ஞாயிறு அவள் ஜெபம் பண்ணும்போது நான் குக்கரை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பேன், அதற்கு இது. நான் மின்பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் எல்லா ப்ளக்கிலும் பொட்டு. "ஒண்ணுக்கு மட்டும் வச்சிருந்தீங்க, மத்ததெல்லாம் கோவிச்சுக்கிடும்லா" என்றாள். பன்னிரண்டும் முகத்தில் சிவப்புப் பொட்டோடு வரிசையாகக் கிடந்தன. அழகாக இருக்கிறது என்று நானும் சொன்னேன். அதன்பிறகு கைக்கு வந்ததை எடுத்துப் பழைய இடங்களில் மாட்டினேன். சமையலறையில் மாட்டியதில் சிவப்பு இருந்தது. நிம்மதியாக இருந்துவிட்டேன்.

மறுநாள் அவள் குடிலுக்குக் கிளம்பும்போது அந்த மூடியில் மிச்சம் கிடந்த ஒரு ப்ளக்கை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். என் கையால்.

இப்போது நிலையத்திலுள்ள எல்லா ப்ளக்கையும் கழற்றி ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். பதினொன்று. பதினொன்றிலும் பொட்டு போய்விட்டது.

நாள் 415. 11:05

குடிலோடு பேசியது, அப்படியே:

"மெர்லின், அந்த ப்ளக்குல குங்குமம் வச்சிருந்தல்லா. அதத் தொடச்சுப் பாரு."

"எதுக்கு?"

"சும்மா பாரு."

"மேல இருந்தது வந்துட்டு. அடியில ஒண்ணு இருக்கு. பெயிண்டு மாதிரி. போவமாட்டேங்குது. என்ன விசயம் அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல. அப்புறம் சொல்லுதேன்."

ஒன்றுமில்லை என்று சொன்னேன். அடுத்து வருபவரே, இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். என் வாயால் அப்படித்தான் சொன்னேன்.

நாள் 415. 11:30

கணக்கு. அந்த ப்ளக் காட்டும் எண்ணை 0.6-ஆல் வகுத்தால்தான் நிஜம்.

காட்டியது 30. நிஜம் 50. மீதி முப்பது இல்லை, பத்து. அதுவும் காலை ஏழு மணிக்கு.

நாளுக்கு நாலரை என்று நான் கேலி செய்த நாட்களில் நிஜமான செலவு ஏழரை. நான் முதலில் எதிர்பார்த்த அதே ஏழரை. எண் என் கண் முன்னால் நின்று கத்தியிருக்கிறது. அவள் சிக்கனக்காரி என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஹீட்டரைக் கூட்டச் சொன்ன பிறகு நாளுக்குப் பத்து.

நாள் 413 அன்று அவள் கேட்டாள். வரட்டா என்று கேட்டாள். ஆறு மணி நேரம் வழி திறந்து கிடந்தது.

நாள் 415. 13:20

சொல்லிவிட்டேன். இரண்டு மணி நேரம் கையில் ரேடியோவை வைத்துக்கொண்டு கோழையாக உட்கார்ந்திருந்துவிட்டுச் சொன்னேன். அந்த இரண்டு மணி நேரமும் அவள் ஹீட்டர் முழுசாக ஓடியது. அதையும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் கேட்டது:

"நெசத்துல எவ்வளவு மிச்சம்?"

"ஏழரை."

"சோத்துக்காகவா அண்ணாச்சி?"

"ஆமா."

"நானுந்தான தின்னேன்."

அப்புறம் வேலைக்கு வந்துவிட்டாள். வண்டியைப் போய்ப் பார்த்தாள். பேட்டரி உறைந்து கல்லாகிவிட்டது, கிளம்பாது. ஹீட்டரைக் கடைசிப் படிக்கு இறக்கினாள். பாறைத் துண்டுகளைச் சுற்றி வைத்திருந்த போர்வைகளை எடுத்துக்கொண்டாள். காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தையும் சேர்த்து இனி நாளுக்கு ஐந்து யூனிட் ஆகும். ஏழரையை ஐந்தால் வகுத்தால் ஒன்றரை நாள். புயலுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

இங்கே பழைய வண்டி ஒன்று இருக்கிறது. ஒரு சக்கரத்தின் மோட்டார் கழற்றிக் கிடக்கிறது. மாட்டப் போகிறேன்.

நாள் 416. 07:10

நிலையத்தில் ஆள்: 1. குடிலில் ஆள்: 1.

குடில்: ப்ளக் 33.6. நிஜம் 56.0. மீதி 4.0.

இப்போது இரண்டு எண்ணையும் அவளே சொல்கிறாள். குடிலின் சுவரில் மார்க்கரால் கோடு போட்டு இரண்டு வரிசையாக எழுதுகிறாளாம். "ப்ளக்குன்னு ஒண்ணு, நெசம்னு ஒண்ணு" என்றாள். பல் தந்தியடிப்பது ரேடியோவில் கேட்டது.

தூங்கவில்லை. மோட்டார் பொருந்திவிட்டது, கேபிள் மட்டும் பாக்கி. எனக்கு இங்கே இருபத்திரண்டு டிகிரி வெப்பம்.

கப்பலைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். இரைச்சல்தான் வருகிறது.

நாள் 416. 14:50

வண்டி ஓடுகிறது. இருபது யூனிட் பெட்டி ஒன்றை ஏற்றிவிட்டேன். மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் இந்தத் தூசியில் போக முடியாது. நாளைக் காலை நாலு அல்லது ஐந்து மணிக்குச் சேரலாம். அவளிடம் 2.4 மீதி இருக்கிறது. இதே செலவில் ராத்திரி இரண்டரை மணி வரை ஹீட்டர் ஓடும். மிச்ச இரண்டு மணி நேரத்தைப் போர்வையில் தாங்கிவிடலாம். மூன்று முறை போட்டுப் பார்த்தேன். கணக்கு வருகிறது.

கிளம்புமுன் பேசியது:

"வராதீங்க அண்ணாச்சி. வழியில அடையாளக் கம்பமெல்லாம் மண்ணு மூடிக் கெடக்கும். குடிசையத் தாண்டிப் போயிருவீங்க. தாண்டிட்டீங்கன்னா அங்கிட்டு ஒண்ணுமே கெடையாது."

"நான் வந்திருவேன். நீ ஹீட்டர மட்டும் அணைச்சிராத. கூரை மேல இருக்க விளக்கப் போடாத, அது கரண்டத் தின்னும். கேட்டியா?"

"கேட்டேன்."

"சத்தியமா?"

"நீங்க சத்தியம் கேக்குதீங்களா?"

அதில் கோபம் இருந்ததா, கேலி இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. வண்டியின் ரேடியோ இந்தத் தூசியில் ஒரு கிலோமீட்டர்கூட எட்டாது. இனி போய்ச் சேர்ந்துதான் பேச வேண்டும்.

குறிப்பேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறேன்.

நாள் 417. 06:45. புறக்குடில்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

முப்பத்தொன்றாம் கம்பம் வரை கம்பங்கள் தெரிந்தன. அதற்குப் பிறகு தெரியவில்லை. திசைகாட்டியை நம்பி ஓட்டினேன். தூரமானி நாற்பதைக் காட்டியது, குடில் இல்லை. நாற்பத்தொன்று. இல்லை. தாண்டிவிட்டேன் என்று புரிந்தது. எந்தப் பக்கமாகத் தாண்டினேன் என்று புரியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றினேன். வண்டியில் சார்ஜ் இறங்கிக்கொண்டே வந்தது.

அப்போது இடப்பக்கம் மஞ்சளாக ஒன்று தெரிந்தது. குடிலின் கூரை விளக்கு.

விளக்கு எரிகிறதே, அப்படியானால் பெட்டியில் கரண்ட் இருக்கிறது, என் கணக்கைவிட அதிகமாகவே இருக்கிறது, ஹீட்டரும் ஓடுகிறது, அவளும் இருக்கிறாள். இப்படித்தான் நினைத்தேன். வண்டிக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், சந்தோஷத்தில். விளக்கைப் போடாதே என்றால் போட்டிருக்கிறாயே, உள்ளே வந்து வைத்துக்கொள்கிறேன் என்று திட்டிக்கொண்டே இறங்கினேன்.

உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்தொன்று.

ஹீட்டரின் சுவிட்சை அவள்தான் அணைத்திருக்கிறாள். சுவரில் நேரம் எழுதியிருக்கிறது. 15:10. நான் கிளம்பிய இருபதாவது நிமிடம். ஹீட்டரையும் விளக்கையும் சேர்த்து ஓட்டினால் ராத்திரி இரண்டு மணிக்கே இரண்டும் அணைந்துவிடும். ஹீட்டர் இல்லாமல் காற்று இயந்திரத்தையும் விளக்கையும் மட்டும் ஓட்டினால் விளக்கு இன்று சாயங்காலம் வரைக்கும்கூட எரியும். கணக்கு போட்டிருக்கிறாள், சரியாகப் போட்டிருக்கிறாள். நான் நேரத்துக்கு வருவேன் என்று நான் சொன்னதை இந்த முறை அவள் நம்பவில்லை.

விளக்கு இல்லையென்றால் நான் இப்போது வெளியே எங்கோ செத்துக் கிடப்பேன்.

சுவரில் இரண்டு வரிசை. மணிக்கொரு தரம் எழுதியிருக்கிறாள். எழுத்து கோணிக்கொண்டே போகிறது. கடைசி வரி 21:00. ப்ளக் 34.9. நிஜம் 58.2. அதன் கீழே ஒன்றும் இல்லை. எனக்கென்று ஒரு வார்த்தை எழுதியிருப்பாள் என்று சுவர் முழுக்கத் தேடினேன். எண்கள் மட்டும்தான்.

கொண்டுவந்த பெட்டியைச் செருகி ஹீட்டரைப் போட்டேன். முழுப் படிக்கு வைத்தேன். கையைத் தேய்த்தேன், காலைத் தேய்த்தேன். மெர்லின் ஜெபா இறந்துவிட்டாள். நான் பொறியாளர், தெரிந்ததை எழுதுகிறேன். ஒரு கிண்ணம் சோற்றுக்காக நான் ஒரு ப்ளக்கைப் பொய் சொல்லப் பழக்கினேன், அது இவளிடம் வந்து சொல்லிவிட்டது.

இப்போது அறை சூடாகிவிட்டது. எனக்கு வியர்க்கிறது.

நாள் 417. 07:00

குடில்: ப்ளக் 35.4. நிஜம் 59.0. மீதி 1.0.

நிலையத்தில் ஆள்: 0. குடிலில் ஆள்: 1.